பஞ்சைக் கரைக்கும் உப்பு
(ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



வைகாசிப் பொங்கலை முன்னிட்டு நம்மூர்க் காட்டு விநாயகர் ஆலயத்திலே கடல்நீர் விட்டு விளக்கெரிப்பதை இங்குள்ள குழந்தையும் அறியும். அதன் மகிமையைப் பேச என்னிலும் தகுதியுடையோர் இவ்வவையில் உளர். நான் திரியைப் பற்றி மட்டும் பேச வந்தேன். பஞ்சுத் திரியாயினும் துணித் திரியாயினும் உப்புநீரில் எத்தனை நாள் ஊறினாலும் கரைவதில்லை. ஏன்?

பஞ்சு, வைக்கோல், பனையோலை, விறகு யாவற்றுக்கும் உடலாய் நிற்பது செலுலோசு. சர்க்கரை மூலக்கூறுகள் ஆயிரக்கணக்கிற் கைகோத்த சங்கிலி அது. சர்க்கரை நீரிற் கரையும், சங்கிலியோ கரையாது. பக்கத்துப் பக்கத்துச் சங்கிலிகள் ஐதரசன் பிணைப்புகளால் ஒன்றையொன்று இறுகப் பற்றியிருப்பதே காரணம். தனிப் பிணைப்பு மெலிது. பல்லாயிரம் சேர்ந்தாலோ நீர் நுழைய வழியில்லை.

அதைக் கரைத்துவிட்டால் மரத்தையே பட்டுப்போல் நூலாக இழுக்கலாம். 1892 இல் கிராஸ், பெவன், பீடில் என்னும் ஆங்கிலேயர் ஒரு வழி கண்டனர். மரக்கூழை எரிசோடாவில் ஊறவைத்துக் காபனிருசல்பைட்டுச் சேர்த்தால் தேன்போன்ற திரவம் கிடைக்கும். அதை நுண்துளைகளினூடே அமிலத்துள் செலுத்தினால் நூல். நாம் உடுக்கும் ரேயான் இதுவே. ஆனால் காபனிருசல்பைட்டு நரம்பைக் கெடுக்கும் நஞ்சு. கழிவோ ஆற்றைத் தேடிப் போகும். தமிழ்நாட்டில் மேட்டுப்பாளையத்துக்கு அண்மையில், சிறுமுகையில், தென்னிந்திய விஸ்கோஸ் ஆலை இருந்தது. அதன் கழிவு பவானியாற்றைக் கெடுக்கிறதென்று மக்கள் கிளர்ந்தெழுந்தார்கள். பின்னர் ஆலை மூடப்பட்டது. உழவர் பக்கமும் நியாயம், வேலையிழந்தோர் பக்கமும் நியாயம்.

இங்கேதான் புதுவகை உப்புகள் வருகின்றன. கறியுப்பு உருக 801 பாகை சதமளவை வெப்பம் வேண்டும். அதன் அயன்கள் சிறிய உருண்டைகள். செங்கல் அடுக்கினாற்போல் நெருங்கி நிற்பவை. சோடியத்தை நீக்கி, அவ்விடத்தில் பருத்த, கோணலான சேதன அயனொன்றை வைத்தால் அடுக்குக் குலையும். உப்பு 100 பாகைக்குக் கீழேயே உருகிவிடும். இதனை அயன் திரவம் என்பர். அதிலுள்ள குளோரைட்டு அயன்கள் செலுலோசுச் சங்கிலிகளிடையே புகுந்து, அவை ஒன்றையொன்று பிடித்திருந்த கைகளைத் தாம் பிடித்துக்கொள்ளும். சங்கிலிகள் பிரியும், பஞ்சு கரையும். பின்பு தண்ணீர் விட்டால் குளோரைட்டு நீரை நாடிப் போய்விட, செலுலோசு வெண்மையாய்த் திரும்பி வரும்! இதில் துர்நாற்றமில்லை, ஆவியும் இல்லையென்றே சொல்லலாம்.

கிரேனாக்கர் என்பவர் இத்தகைய உப்பொன்றுக்கு 1934 இலேயே அமெரிக்காவிற் காப்புரிமை பெற்றார். எவரும் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. 2002 இல் அமெரிக்காவின் அலபாமாப் பல்கலைக்கழகத்து ரொஜர்சும் குழுவினரும் நூற்றுக்குப் பத்துப் பங்கு செலுலோசைக் கரைத்துக் காட்டிய பின்னரே உலகம் திரும்பிப் பார்த்தது. 2018 இல் பின்லாந்தின் சுதந்திர தின விருந்துக்கு அந்நாட்டுச் சனாதிபதியின் துணைவியார் அணிந்து வந்த ஆடை, பேர்ச் மரக்கூழை அயன் திரவத்திற் கரைத்து நூற்றது.

இளைஞர்களே, "பசுமை இரசாயனம்" என்ற பட்டத்தைக் கேட்டு உடனே மயங்கவேண்டாம். ஆவியாகாதது காற்றுக்கு நல்லது, நீருக்கு? நீண்ட வாலுடைய சில அயன்கள் நீர்வாழ் உயிர்களுக்கு நஞ்சு. விலையும் அதிகம், ஆகவே கரைப்பானைத் துளியும் விடாது மீட்டெடுக்கவேண்டும். மீட்பதற்குச் சேர்த்த தண்ணீரையெல்லாம் கொதிக்கவைத்துப் போக்கவேண்டும், அதற்கு எரிபொருள்! நாளை இப்பகுதியில் இத்தகைய ஆலை நிறுவ எவரேனும் வந்தால், நூலின் மினுக்கத்தைப் பார்க்குமுன், கரைப்பானில் நூற்றுக்கு எத்தனை பங்கு மீள்கிறதென்று கேளுங்கள். 99 என்றாலும் விடாதீர்கள். மிஞ்சிய ஒன்று நந்திக்கடலுக்கு வரலாம்.

நம் வயல் வைக்கோலை இப்படிக் கரைக்கலாகாதா என்று தம்பி ஒருவர் வாசலிற் கேட்டார். கரைக்கலாம். ஆனால் வைக்கோல் பஞ்சன்று. லிக்னினும் சிலிக்காவும் அதனோடு வரும். 1956 இல் தொடங்கிய வாழைச்சேனைக் காகித ஆலை வைக்கோலையே நம்பி எழுந்தது. வைக்கோற் கூழ் ஆலைகளில் எரிசோடாவை மீட்கும்போது பெருந்தொல்லை தருவது இந்தச் சிலிக்காவே. அயன் திரவத்தை மீட்பவரும் அதற்கு வழி கண்டாகவேண்டும். இரசாயனம் படிக்கும் பிள்ளைகள் அங்கிருந்து தொடங்கலாம்.

தலைவர் மணியடித்துவிட்டார்.