பொதுச் சுகாதாரப் பணியும் புலம்பெயர் தமிழ் இளையோரும்
(ஸ்ட்ரெதத்தில் பெற்றோர்க்கும் இளையோர்க்குமாக ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



ஸ்ட்ரெதத்திற்கு அயலில், டூட்டிங்கில், செயின்ட் ஜோர்ஜஸ் மருத்துவக் கல்லூரி அமைந்துள்ளது. இப்பகுதித் தமிழ்ப் பெற்றோர் பலரின் கனவு அதன் வாசலில்தான் நிற்கின்றது. அந்த வாசலில் 1980-களில் நிகழ்ந்ததை இன்றைய இளையோர் அறிந்திருத்தல் வேண்டும். விண்ணப்பங்களை வடிகட்டுவதற்கு அக்கல்லூரி ஒரு கணினி நிரலைப் பயன்படுத்திற்று. 1982 முதல் முதற்கட்டத் தெரிவு அதன் பொறுப்பிலேயே விடப்பட்டது. பெயரையும் பிறந்த இடத்தையும் கொண்டு ஐரோப்பியரல்லாதவர் என்று கணிக்கப்பட்டவர்களுக்கும், பெண்களுக்கும் அந்நிரல் புள்ளிகளைக் குறைத்தது. அங்கேயே பணியாற்றிய ஜோ கொலியர், அக்ரி பேர்க் என்னும் இரு மருத்துவர்கள் 1986 இல் இனச் சமத்துவ ஆணைக்குழுவிடம் முறையிட்டனர். ஆண்டொன்றுக்கு 60 பேர் வரை இனத்தினாலோ பாலினாலோ நேர்முகத் தேர்வு வாய்ப்பை இழந்திருக்கக்கூடும் என 1988 இல் ஆணைக்குழு அறிவித்தது. பாகுபாட்டைக் கணினி தானாகக் கற்பிக்கவில்லை. அதற்கு முன் மனிதத் தெரிவாளர்கள் செய்துவந்ததையே அது பின்பற்றியது. அவ்வேளையிலும் ஏனைய இலண்டன் கல்லூரிகள் பலவற்றைவிட அங்கு ஐரோப்பியரல்லாத மாணவர் கூடுதலாகப் பயின்றனர் என்பதுதான் வேதனையான வேடிக்கை. ஏனைய இடங்களின் நிலையை அவரவரே ஊகித்துக்கொள்ளலாம்.

பின்னர் கதவுகள் சற்றே திறந்தன. ஏற்கனவே பட்டம் பெற்றோர்க்கான நான்காண்டு மருத்துவப் படிப்பை 2000 இல் செயின்ட் ஜோர்ஜஸ் தொடங்கிற்று. லம்பெத் உள்ளிட்ட உள் இலண்டன் பகுதிகளின் அரச பாடசாலை மாணவர்க்கென, கிங்ஸ் கல்லூரி 2001 இல் ஆறாண்டு நீட்டிக்கப்பட்ட மருத்துவப் படிப்பை ஏற்படுத்திற்று. வழமையான பெறுபேறுகளை விடக் குறைந்த பெறுபேறு உடையோரும் அதற்கு ஏற்கப்பட்டனர். முதற்கட்டப் பாடங்கள் கூடுதற் காலத்தில் கற்பிக்கப்பட்டன. வசதி குறைந்த பாடசாலையில் படித்தமை திறமைக் குறைவாகாது என்பதை ஒரு பெருங்கல்லூரி ஏற்றுக்கொண்டது சிறிய செய்தியன்று.

ஆயினும் இவையனைத்தும் மருத்துவர் ஆவதற்கான வழிகள். தமிழ் வீடுகளில் மருத்துவப் பீடம் கிடைக்காத பிள்ளை தோற்ற பிள்ளையாகவே நடத்தப்படுகின்றது. பொதுச் சுகாதாரம் என்றொரு துறை இருப்பதே பல வீடுகளில் பேசப்படுவதில்லை. நோயாளி ஒருவருக்கு மருந்து கொடுப்பது மருத்துவரின் பணி. ஓர் ஊரே நோயுறாமற் காப்பது பொதுச் சுகாதாரத்தின் பணி. இந்த இலண்டன் மாநகரை வாந்திபேதியிலிருந்து மீட்டோரில் மருத்துவர் ஜோன் சினோ ஒருவர். 1848 ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டத்திற்கு வழிகோலிய எட்வின் சட்விக் சட்டம் பயின்றவர். 1858 இன் பெருநாற்றத்தின் பின் கழிவுநீர்க் குழாய்களை அமைத்த ஜோசப் பசல்கெட் பொறியியலாளர்.

அமெரிக்காவில் சிறுபான்மை மாணவரை இத்துறைக்குக் கொண்டுவரத் தனியான கூட்டு முயற்சிகள் தோன்றின. அட்லாண்டாவில் நோய்க் கட்டுப்பாட்டு மையமும், கறுப்பின மாணவர்க்கான மோர்ஹவுஸ் கல்லூரியும் ஒரே நகரில் இருந்தன. 1980-களில் உருவான இம்ஹோடெப் திட்டத்தின் வழியாகப் பட்டப்படிப்பு மாணவர்கள் கோடை விடுமுறையில் நோய்ப்பரவலியலும் புள்ளிவிபரவியலும் கற்று, ஆய்வாளர் ஒருவரின் அருகிருந்து பணிபுரிந்தனர். உதவித்தொகையும் வழங்கப்பட்டது. இந்த உதவித்தொகையே முதன்மையானது. சம்பளமற்ற பயிற்சியை வசதியுள்ள வீட்டுப் பிள்ளையே ஏற்க முடியும். கோடையில் கடையில் நின்று உழைக்கவேண்டிய பிள்ளைக்கு அது எட்டாது.

பிரித்தானியாவிலும் வழி உண்டு. மருத்துவரல்லாதோரும் பொதுச் சுகாதார நிபுணராகப் பதிவு பெறுவதற்கான பதிவேடு 2003 இல் உருவாயிற்று. சிறப்புப் பயிற்சி ஐந்தாண்டு; ஊதியத்துடன் கூடியது. நல்ல பட்டமும், தொடர்புடைய துறையில் சில ஆண்டுப் பணி அனுபவமும் வேண்டும், போட்டி கடுமையானது. 2013 ஏப்ரலில் இங்கிலாந்தின் உள்ளூர்ப் பொதுச் சுகாதாரப் பொறுப்பு நகரசபைகளிடம் கையளிக்கப்பட்டது. எனவே ஸ்ட்ரெதத்தின் பெரும்பகுதிக்கான பணி லம்பெத் நகரசபையினுடையது. அதன் மண்டபம் பிரிக்ஸ்டனில், 159 ஆம் இலக்கப் பேருந்து செல்லும் வழியில் உள்ளது. கோடைகாலப் பயிற்சிக்கு அங்கு கடிதம் எழுதிக் கேட்பதற்கு எந்தப் பிள்ளையும் தயங்க வேண்டியதில்லை.

இதில் தமிழர்க்கு மட்டுமேயான ஒரு தேவையும் அடங்கியுள்ளது. குடித்தொகைக் கணக்கெடுப்பில் இந்தியர், பாகிஸ்தானியர், வங்காளதேசத்தவர், சீனர் ஆகியோர்க்குத் தனித்தனிக் கட்டங்கள் உள்ளன. ஈழத்தமிழர் ‘வேறு ஆசியர்’ என்பதற்குள் அடங்கிவிடுகின்றனர். தமிழே முதன்மை மொழி எனக் கூறியோர் 2011 இல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஏறத்தாழ ஓர் இலட்சம் பேர். ஆயினும் அவர்களின் நீரிழிவும் மாரடைப்பும் எத்தனை என்று பிரித்தறிவது கடினம். எண்ணப்படாதவர்க்குத் திட்டம் வகுக்கப்படுவதில்லை. தெற்காசியரைத் தனியாக ஆராய்ந்ததன் பயனாகவே, உடல் நிறைச் சுட்டெண் 23 ஐத் தொட்டாலே ஆசியர்க்கு ஆபத்துக் கூடுகின்றது என 2013 இல் தேசிய வழிகாட்டல் வெளியாயிற்று. பொது அளவு 25 ஆகும். சோறும் பிட்டும் இடியப்பமும் உண்ணும் வீட்டின் நீரிழிவைப் பற்றிச் சரியான கேள்வி கேட்க, அவ்வீட்டில் வளர்ந்த ஓர் ஆய்வாளர் தேவை.

புள்ளிவிபரவியல், புவியியல், சமூகவியல், உளவியல் எதனைப் பயிலும் மாணவரும் இப்பாதையில் நுழையலாம். சிறப்புப் பயிற்சிக்கான விண்ணப்பங்கள் வழமையாக இலையுதிர்காலத்திற் கோரப்படுகின்றன. ‘வேறு ஆசியர்’ என்ற கட்டத்தின் அருகே தம்மைக் குறிப்பிட்டு எழுதுவதற்கு ஒரு சிறு வெற்றிடம் விடப்பட்டிருப்பதையும் பெற்றோர் அடுத்த கணக்கெடுப்பின்போது கவனிப்பார்களாக.