நெடுஞ்சொல்லும் வெறுஞ்சொல்லும்



ஆங்கிலத்தின் வளம் பேச வருவோர் பலர், முதற்கண் அம்மொழியின் நெடுஞ்சொற்களையே எடுத்துக் காட்டுவர். 27 எழுத்துச் சொல், 29 எழுத்துச் சொல், 45 எழுத்துச் சொல் என விரல்மடக்கி எண்ணுவர். கேட்போரும் வாய்பிளந்து நிற்பர். சொல்லாட்டம் பழிக்கத்தக்கதன்று. குறுக்கெழுத்துப் புதிரும் எழுத்துமாற்று விளையாட்டும் ஓய்வுப் பொழுதில் உள்ளத்திற்கு உவகை தருவனவே. ஆயின், சிறுமியர் இழைத்த சிற்றிலை மாளிகையென மயங்குதல் கூடாது. அந்நெடுஞ்சொற்கள் எவர் வீட்டுப் பிள்ளைகள், எவர் வாயில் வழங்கின, எவர் துயருக்கு உதவின என்று வினவிப் பார்த்தல் வேண்டும்.

சொல்லாட்டத்திற்குச் சொல்லின் பொருள் வேண்டுவதில்லை, எழுத்துகளே போதும். அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ஆல்பிரெடு பட்சு என்பார், 1930களில் வேலையற்றிருந்த காலத்தில், செய்தித்தாளின் முதற்பக்கத்தில் எவ்வெழுத்து எத்துணை முறை வருகின்றது என்று எண்ணிக் கணக்கிட்டு ஓர் ஆட்டத்தை அமைத்தார். 1948-இல் அதற்கு இசுக்கிராபிள் என்னும் பெயர் வந்தது. அதன் பலகையில் ஒரு வரிசைக்கு 15 கட்டங்களே உண்டு. ஆகவே, மேடையில் முழங்கும் 27 எழுத்துச் சொல் அப்பலகையில் ஏறவே ஏறாது! அது கிடக்க. நியூசிலாந்தினரான நைசல் ரிச்சர்ட்சு, 2015-இல் பிரெஞ்சுமொழி இசுக்கிராபிள் உலகப் போட்டியில் வாகை சூடினார். அவர்க்குப் பிரெஞ்சு பேசத் தெரியாது. சொற்பட்டியை நெஞ்சிற் பதித்துக்கொண்டு சென்று, பிரெஞ்சுக்காரரைப் பிரெஞ்சுச் சொற்களாலேயே வீழ்த்தினார். 2024-இல் இசுப்பானிய மொழியிலும் அவ்வாறே வென்றார். அருந்திறல்தான், ஐயமில்லை. ஆயினும் அவர் கையாண்டவை எழுத்துக் கோவைகள்; மொழியன்று.

இனி அந்த 27 எழுத்துச் சொல்லைப் பார்ப்போம். ‘ஆனரிபிக்காபிலிடுடினிடாடிபசு’ என்பது அது. மூச்சுள்ளோர் ஒலித்துப் பார்க்கலாம். 1598-இல் அச்சேறிய ‘லவ்சு லேபர்சு லாசுட்டு’ என்னும் நாடகத்தில் சேக்சுபியர் இதனை வைத்திருக்கின்றார். எவர் வாயில் வைத்தார்? அரசன் வாயிலன்று, அறிஞன் வாயிலுமன்று. காசுட்டர்டு என்னும் நாட்டுப்புறக் கோமாளியின் வாயில்! இலத்தீனைக் கொட்டிப் புலமை காட்டும் பள்ளியாசிரியரை நகையாடும் காட்சி அது. மெய்யும் உயிரும் மாறிமாறி வரும் அதன் எழுத்தமைப்பைச் சொல்லாட்டக்காரர் இன்றும் போற்றுவர். 1910-இல் ஒருவர் அதன் எழுத்துகளை இடம்மாற்றி, ‘இந்நாடகங்களை ஆக்கியவர் பேக்கனே’ என்னும் கருத்தில் ஓர் இலத்தீன் தொடரை உருவியெடுத்து, அதனையே சான்றாக்கி நூலும் எழுதிவிட்டார். கோமாளி பேசிய சொல், அவனைப் படைத்தவனையே மறுக்கும் கருவியாயிற்று!

அச்சொல்லின் வாலாகிய ‘இபசு’ என்பது இலத்தீனில் பன்மைப்பெயரோடு சேரும் வேற்றுமையுருபு. ‘ஆம்னிபசு’ என்பதிலும் அதே உருபுதான் உள்ளது. ‘அனைவர்க்கும்’ என்பது அதன் பொருள். 19-ஆம் நூற்றாண்டில் பொதுமக்கள் ஏறிச்செல்லும் ஊர்திக்கு அதனைப் பெயராக்கினர். பின்னர்த் தலையை வெட்டி வாலை மட்டும் வைத்துக்கொண்டனர். பேருந்துக்கு ஆங்கிலர் இன்று வழங்கும் மூன்றெழுத்துப் பெயர் அவ்வாலே. ஒரு வேற்றுமையுருபின் மேலேறி நாள்தோறும் ஊர்செல்லும் மக்கள் அவர்கள்! பெயரில்லை, வினையில்லை, உருபு மட்டும் உருண்டோடுகின்றது.

29 எழுத்துச் சொல்லின் கதையும் அத்தகையதே. ‘பிளாக்சிநாசிநிகிலிபிலிபிகேசன்’ என்பது, ஒன்றை மதிப்பற்றதெனத் தள்ளுதலைக் குறிக்கும். 1741-இல் வில்லியம் சென்சுடன் என்னும் பாவலர் எழுதிய மடலொன்றில் அது காணப்படுகின்றது. ஏட்டன் பள்ளிச் சிறுவர் உருப்போட்ட இலத்தீன் இலக்கண நூலில், ‘இம்மியும் மதியேன்’ என்பது போன்ற வழக்குகளுக்குரிய சொற்கள் நான்கு வரிசையாக நின்றன. கம்பளித் துய், அற்பப்பொருள், ஒன்றுமின்மை, மயிர் என்பன அவற்றின் பொருள்கள். நான்கையும் ஒட்டவைத்து நகைக்காகக் கட்டிய சொல் இது. இதே கருத்திற்கு அண்மையான ‘பிலிட்டில்’ என்னும் குறுஞ்சொல் ஆங்கிலத்தின் சொந்த வேரிலேயே பிறந்தது. ‘சிறிது’ என்னும் சொல்லின்மேல் ஒரு முன்னொட்டு, அவ்வளவே. உழவனுக்கும் விளங்கும். அதனை எவரும் மேடையேற்றிக் காட்டுவதில்லை. அரசுசார்ந்த கிறித்தவ அவையை அரசினின்று பிரித்தலை எதிர்க்கும் கொள்கையைச் சுட்டும் 28 எழுத்துச் சொல்லும் ஒன்றுண்டு. அதில் முன்னும் பின்னும் ஒட்டிய ஒட்டுகளை உதிர்த்தால் எஞ்சுவது, இலத்தீன் வழிவந்த ஒரு சிறு வினையே.

இப்போக்கை ஆங்கிலரிலேயே மானமுள்ளோர் கண்டித்தனர் என்பது பலரும் அறியாத செய்தி. 1553-இல் தாமசு வில்சன் என்பார், இலத்தீன் சொற்களை அள்ளித் தெளித்து எழுதுவோரை எள்ளி, அத்தகைய நடையிலேயே ஒரு பொய்ம்மடலைப் புனைந்து காட்டினார். அச்சொற்களுக்கு ‘மைக்கொம்புச் சொற்கள்’ என்று அக்காலத்தில் பெயர். மைக்கூட்டினின்று பிறந்தனவேயன்றி மக்கள் வாயினின்று பிறந்தனவல்ல என்பது குறிப்பு. கேம்பிரிட்சு கிரேக்கப் பேராசிரியராயிருந்த சான் சீக், கிரேக்கத்தைக் கரைத்துக் குடித்தவர். அவரே 1557-இல் எழுதிய மடலொன்றில், ஆங்கிலம் கலப்பின்றித் தூய்மையாக எழுதப்படல் வேண்டும் என வலியுறுத்தினார். ‘செஞ்சூரியன்’ என்னும் படைத்தலைவனை ‘அன்றடர்’ என்றார், அஃதாவது நூற்றுவன். அம்மடலிலேயே அயற்சொற்கள் சில ஒளிந்து நுழைந்துவிட்டன என்பது வேறு. வழக்கம் அத்துணை வலியது.

19-ஆம் நூற்றாண்டில் டார்செட்டு வட்டாரப் பாவலர் வில்லியம் பார்ன்சு (1801–1886) இப்பணியை மேற்கொண்டார். பன்மொழி கற்றவர், பள்ளியாசிரியராயிருந்து பின் சமய ஊழியரானவர். 1878-இல் அவர் எழுதிய நூலில் இலக்கணத்திற்கு இட்ட பெயர் ‘சுபீச்சு கிராப்ட்டு’, அஃதாவது பேச்சுக்கலை. முற்கூறிய வால் ஊர்திக்கு அவர் அமைத்த பெயர் ‘போக்வெயின்’, மக்கள் வண்டி. எத்துணை அழகு! கற்றோர் நகைத்தனர். ஆயினும், அந்நூற்றாண்டில் எழுந்த ‘போர்வேர்டு’ என்னும் முன்னுரைச்சொல்லும், மீண்டும் உயிர்பெற்ற ‘ஆண்டுபுக்கு’ என்னும் கைந்நூற்சொல்லும் இன்று எல்லார் கையிலும் வழங்குகின்றன. நகைப்புக்குள்ளான முயற்சி முற்றும் தோற்கவில்லை.

நீளமே குற்றமென்பது கருத்தன்று. செருமனியின் மெக்லன்பர்க்கு மேற்குப் பொமரேனிய மாநிலம் 1999-இல் ஒரு சட்டம் இயற்றிற்று. அதன் பெயர் 63 எழுத்துகள் கொண்ட ஒரே சொல்! ‘மாட்டிறைச்சி அடையாளச்சீட்டுக் கண்காணிப்புப் பணி ஒப்படைப்புச் சட்டம்’ என்பது பொருள். 2013-இல் அச்சட்டம் நீக்கப்பட்டது. உலகமே அதன் நீளத்தைக் கண்டு நகைத்தது. ஆனால், அதனைப் பிரித்துப் பார்த்தால் மாடு, இறைச்சி, கண்காணிப்பு, பணி, ஒப்படைப்பு, சட்டம் எனச் செருமானியச் சொற்களே வரிசையில் நிற்கும். இடையில் அடையாளச்சீட்டைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல் ஒன்று புகுந்துள்ளது, அதனை மறைப்பதற்கில்லை. இறைச்சிக் கடைக்காரன் மூச்சு வாங்கினாலும் பொருள் அறிவான்.

இனி, முடிசூடிய 45 எழுத்துச் சொல். ‘நுமோனோ அல்ட்ரா மைக்ரோசுகாபிக் சிலிக்கோ வால்கனோ கோனியோசிசு’ என்பதை இடைவெளியின்றி எழுதுக. நுரையீரல், அப்பால், நுண்மை, நோக்கு, தீக்கல், எரிமலை, துகள், நோய் எனக் கிரேக்கமும் இலத்தீனும் மாறிமாறி வரும். ஆங்கில வேர் ஒன்றேனும் இல்லை. மருத்துவர் எவரும் இதனைப் படைக்கவில்லை. 1935-இல் நியூயார்க்கில் கூடிய அமெரிக்கப் புதிர் விரும்பிகள் கழகத்தின் தலைவர் எவரெட்டு சுமித்து, மிக நீண்ட சொல் ஒன்று வேண்டுமென்றே இதனைக் கட்டினார். நான்கே ஆண்டுகளில் அகரமுதலியின் பிற்சேர்க்கையில் அஃது இடம்பெற்றது.

அவ்வாண்டுகளில் அத்துகள் விளையாட்டுப் பொருளாய் இருக்கவில்லை. மேற்கு வர்சீனியாவின் ஆக்சு நெசுட்டு என்னுமிடத்தில், 1930–31-இல் ஆற்றுநீரைத் திருப்ப மலையைக் குடைந்து சுருங்கை அமைத்தனர். அப்பாறை பெரும்பாலும் சிலிக்கா. நீர் தெளியாமல் உலர்முறையில் துளையிட்டனர். தொழிலாளர்க்கு மூச்சுக்காப்பும் தரவில்லை. வேலைதேடி வந்த அவருட் பெரும்பாலோர் கறுப்பின மக்கள். வெண்டுகளை உண்ட நுரையீரல் இறுகி, நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். 1936-இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு அதனை உசாவிற்று. நியூயார்க்கில் எழுத்தெண்ணியது முந்திய ஆண்டு.

மருத்துவர் அந்நோயைச் ‘சிலிக்கோசிசு’ என்பர். மண்பாண்டத் துகளை மூச்சில் வாங்கி அதே நோயால் மெலிந்த இங்கிலாந்துக் குயவர்க்கு அப்பெயரும் வேண்டியதாயில்லை. ‘பாட்டர்சு ராட்’ என்றனர், குயவர் அழுகல். எழுத்தெண்ணினால் 10.