தொடுக, தேய்க்கற்க!
(ஆசிரியர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)

மின்னழுத்தமானியிடத்துத் தமிழாசிரியனுக்கு என்ன வேலை என வினவுவீர். ஒரு கருவியைக் கையாளும் முறையை அதன் உறுப்பின் பெயரே கற்பிக்கும் என்று காட்டவே வந்துள்ளேன்.

செருமானிய அறிஞர் போகண்டார்ப்பு 1841-இல் வகுத்த அளவுமுறையே இக்கருவிக்கு அடிப்படை. நம் பள்ளி ஆய்வகங்களில் உள்ளது பத்து மீட்டர்க் கம்பி. மரப்பலகையின்மேல், ஒவ்வொன்றும் ஒரு மீட்டர் நீளமுள்ள பத்துப் பகுதிகளாக, அஃது இணைகோடுகள்போல் இழுத்துக் கட்டப்பட்டுள்ளது. அருகருகே ஓர் அளவுகோலும் உண்டு. கம்பிப் பகுதிகளின் முனைகளைத் தடித்த செம்புப் பட்டைகள் தொடுக்கின்றன. பட்டை ஏன் தடித்திருத்தல் வேண்டும்? அதன் மின்தடை மிகமிகச் சிறிதாக இருந்தால்தான், அழுத்த வீழ்ச்சி முழுதும் கம்பியிலேயே நிகழும்.

கம்பியோ தனிச் செம்பன்று. மாங்கனின் அல்லது கான்சுட்டன்டன் என்னும் மாழைக்கலவை. செம்பின் தடை சூட்டால் மிகும்; இக்கலவைகளின் தடையோ பெரிதும் மாறுவதில்லை. எனினும், கம்பிக்குரிய தலையாய இலக்கணம் ஒன்றே: முதல் தொட்டு இறுதிவரை ஒரே பருமன்.

கம்பியின் இருமுனைகளுக்கிடையே 2 வோல்ட்டு நிலைத்து நிற்பதாகக் கொள்வோம். 1000 சென்டிமீட்டருக்கு 2 வோல்ட்டு எனின், ஒரு சென்டிமீட்டருக்கு 0.002 வோல்ட்டு. 1.08 வோல்ட்டு உடைய டேனியல் மின்கலத்தை இணைத்தால், 540-ஆம் சென்டிமீட்டரில் கால்வனாமீட்டரின் முள் சுழியில் நிற்கும். அந்நிலையில் அம்மின்கலம் மின்னோட்டம் எதனையும் தருவதில்லை. ஆதலால் அதன் மின்னியக்கு விசை குறைவின்றி அறியப்படும். வோல்ட்டுமானியோ சிறிது மின்னோட்டத்தைத் தான் உண்டே அளவு சொல்லும். அதனால் அளவு சற்றுக் குறையும்.

இக்கணக்கு முழுதும் கம்பியின் ஒரே பருமனையே நம்பியுள்ளது. கம்பி ஓரிடத்துத் தேய்ந்தால், அவ்விடத்துத் தடை மிகும், கருவி பொய்யுரைக்கும்.

கம்பியில் இடங்காணும் உறுப்பை ஆங்கிலேயர் குதிரையோட்டியின் பெயரால் அழைக்கின்றனர். அப்பெயரைக் கேட்கும் நம் மாணவன் அதனைக் கம்பியின்மேல் ஓட்டுகிறான், கம்பி தேய்கிறது. நாமோ அதனைத் தொடுசாவி என்கிறோம். தொட்டு, எடுத்து, மீண்டும் தொடுதலே அதன் தொழில். பெயரிலேயே பயன்பாட்டு விதி அடங்கியிருக்கிறது!

ஆசிரியப் பெருமக்களே! ஆய்வகத்தில் அச்சொல்லைப் பொருள் விளக்கிச் சொல்லுங்கள். ஒரு சொல் விளங்கினால் ஒரு கம்பி பிழைக்கும். கம்பி பிழைத்தால் அளவு பிழையாது.