கலாசாலை கண்ட மேற்றிராணியார்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கல்வி நிதியைக் குறித்து ஆலோசிக்கக் கூடியுள்ள இவ்வமயத்தில், அமெரிக்க ஐக்கிய நாடுகளின் முதற் கத்தோலிக்க மேற்றிராணியாராகிய ஜான் காரல் என்பாரின் சரித்திரத்தை எடுத்துரைக்க விழைகின்றோம். அன்னார் தேசத்தாலும் காலத்தாலும் நமக்குச் சேயராயினும், கல்வி மறுக்கப்பட்ட தம் சமூகத்திற்கு அதனைத் தேடித் தந்தவராதலின், அன்னார் வரலாறு நமக்குப் பெரிதும் பயன்படும்.

காரல் 1735-ஆம் ஆண்டில் மேரிலாந்தில் செல்வக் குடியிற் பிறந்தார். அக்காலத்து அந்நாட்டுச் சட்டம் கத்தோலிக்கர் பள்ளி நடத்துதலைத் தடுத்தது. 1718 முதல் அவர்க்கு வாக்குரிமையும் இல்லை. ஆகவே பெற்றோர் அவரை இளமையிலேயே கடல் கடந்து செந்தோமேர் நகரின் சேசு சபைக் கல்லூரிக்கு அனுப்பினர். பின்னர் அச்சபையிற் சேர்ந்து குருவானார். 1773-இல் பாப்பரசர் சபையைக் கலைத்துவிடவே, மறு ஆண்டு தாயகம் மீண்டார்.

நாடு விடுதலை எய்தியபின், 1789-இல் குருமார் 26 பேருள் 24 பேர் இவரை மேற்றிராணியாராகத் தேர்ந்தெடுத்தனர். 1790 ஆகஸ்டு 15-இல் இங்கிலாந்திலே அபிஷேகம் பெற்றார். 1808-இல் பால்டிமோர் அதிமேற்றிராணியாராகி, 1815 டிசம்பர் 3-இல் காலமானார்.

அன்னார் அரும்பணி கல்விப் பணியே. 1789-இல் ஜார்ஜ்டவுன் கலாசாலைக்கு நிலம் பெற்றார். எம்மதத்தினரும் அதிற் பயிலலாமென முன்னரே அறிவித்திருந்தார். பிரெஞ்சுப் புரட்சியினின்று புலம்பெயர்ந்த குருமாரைக் கொண்டு 1791-இல் குருமடம் நிறுவுவித்தார். எலிசபெத் சீற்றன் அம்மையார் எம்மிற்ஸ்பர்க்கில் பெண்கட்கு இலவசப் பள்ளி தொடங்கியபோது ஆதரவளித்தார்.

அன்பர்களே! இச்சரித்திரத்தின் மறுபுறத்தையும் நாம் காணல் வேண்டும். காரல் அடிமைகளை வைத்திருந்தவர். மேரிலாந்துக் குருமாரின் தோட்டங்களில் உழைத்தோரும் அடிமைகளே. கலாசாலை அவர்தம் உழைப்பின் பயனை உண்டு வளர்ந்தது. 1838-இல், அவர்களுள் 272 பேர் விற்கப்பட, அப்பொருளின் ஒரு பகுதி கலாசாலைக் கடனுக்குச் சென்றது. 2017-இல் ஜார்ஜ்டவுன் சந்ததியார்முன் மன்னிப்பு வேண்டி, விற்பனைப் பட்டியலில் முதற்பெயராக நின்ற ஐசக் ஹாக்கின்ஸ் என்பவர் பெயரை ஒரு மண்டபத்திற்கு இட்டது.

கல்வி மறுக்கப்படுதலின் துயரை நன்கறிந்த சமூகத்தாரே, பிறர்க்கு அதனை மறுத்திருத்தல் கூடுமென்பதற்கு இஃதொரு சான்று. ஆதலால், நம் நிதியால் எழும் மாணவர் இல்லத்திற்கு விதிகள் வகுக்குங்கால், நம் வயல்களிலும் கடைகளிலும் உழைப்போர் மக்களுக்கு அங்கே இடமுண்டா என்பதை முதற்கண் தீர்மானிப்போமாக. அத்தீர்மானத்தை இவ்வாண்டிலேயே சங்க நடவடிக்கைப் புத்தகத்தில் காண விரும்புகின்றோம்.