இசட் புள்ளி என்னும் அளவுகோல்

க.பொ.த. உயர்தரப் பரீட்சையின் பெறுபேறுகள் வெளிவருந்தோறும் கற்பிட்டி முதல் உடப்பு, சிலாபம் ஈறாக உள்ள எங்கள் கரையோர ஊர்களிலே ஒரு கேள்வி எழுவதுண்டு. "என் மகனும் அயல் வீட்டுப் பிள்ளையும் மூன்று பாடங்களிலும் ஒரே தரச் சித்தியே பெற்றார்கள். அவளுக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. இவனுக்கு ஏன் கிடைக்கவில்லை?" என்று பெற்றோர் கேட்கின்றனர். நியாயமான கேள்விதான். அதற்குரிய விடை இசட் புள்ளி என்னும் கணக்கிலே அடங்கியிருக்கின்றது. அதனை இயன்றவரை எளிமையாக விளக்குவதே இன்றைய உரையின் நோக்கமாகும்.

முன்னாளில் நான்கு பாடங்களின் புள்ளிகளையும் கூட்டி, 400 க்கு இத்தனை என்று மாணவரை வரிசைப்படுத்தினர். 1970 களின் தொடக்கத்தில் மொழிமூல அடிப்படையில் தரப்படுத்தல் புகுந்தது. தமிழ்மொழி மூலம் எழுதியோருக்கும் சிங்களமொழி மூலம் எழுதியோருக்கும் வெவ்வேறு வெட்டுப்புள்ளிகள் வந்தன. அதனால் விளைந்த மனக்காயத்தை நாடறியும். பின்னர் மாவட்ட ஒதுக்கீடு வந்தது. பாடங்கள் மூன்றாகக் குறைந்த பின், 2001 ஆம் ஆண்டு முதல் இசட் புள்ளி முறை நடைமுறைக்கு வந்தது. எம்மொழியில் எழுதினாலும் இப்போது கணக்கு ஒன்றே.

வெறும் புள்ளிகளைக் கூட்டுவதில் உள்ள குறை யாது? ஓர் இறாத்தல் இறாலையும் ஓர் இறாத்தல் நெத்தலிக் கருவாட்டையும் ஒரே தராசில் இட்டு, இரண்டும் சமம் என்று எங்கள் கரையில் எவரேனும் கூறுவரோ? நிறை ஒன்றாயினும் மதிப்பு வேறு. அவ்வாறே, எல்லோரும் 60 எடுக்கும் வினாத்தாளில் ஒருவர் பெற்ற 62 உம், பெரும்பாலோர் 45 ஐத் தாண்டாத வினாத்தாளில் மற்றொருவர் பெற்ற 62 உம் ஒன்றாகா.

எனவே, ஒரு பாடத்திற்கு நாடு முழுவதிலும் தோற்றியோரின் சராசரியை முதலிற் காண்பர். அடுத்து, புள்ளிகள் அச்சராசரியிலிருந்து எவ்வளவு பரந்து கிடக்கின்றன என்பதைக் காட்டும் நியம விலகலைக் காண்பர். மாணவர் பெற்ற புள்ளியிலிருந்து சராசரியைக் கழித்து, வருவதை நியம விலகலால் வகுத்தால் அப்பாடத்தின் இசட் புள்ளி கிடைக்கும். மூன்று பாடங்களின் இசட் புள்ளிகளுடைய சராசரியே இறுதிப் புள்ளியாகும். அது நான்கு தசமதானங்கள் வரை தரப்படும்.

விளக்கத்திற்காக நானே அமைத்துக்கொண்ட ஓர் எடுத்துக்காட்டைக் கேளுங்கள். தமிழுக்குச் சராசரி 60, நியம விலகல் 10. அளவையியலுக்கு 44 உம் 12 உம். வரலாற்றுக்கு 50 உம் 20 உம் என்க. முதல் மாணவி முறையே 70, 62, 55 பெறுகின்றாள். அவளுடைய இசட் புள்ளிகள் 1, 1.5, 0.25 ஆகும், சராசரி 0.9167. இரண்டாம் மாணவன் 75, 50, 63 பெறுகின்றான். அவனுடையவை 1.5, 0.5, 0.65, சராசரி 0.8833. கூட்டுத்தொகையில் அவள் 187, அவன் 188. ஆயினும் வரிசையில் அவளே முன்னிற்கின்றாள்.

இதிலிருந்து சில உண்மைகள் பெறப்படும். இலகுவான பாடம் என்று நம்பி ஒன்றைத் தெரிவு செய்வதாற் பயன் சிறிது. பாடம் இலகுவாயின் சராசரியும் உயர்ந்துவிடும். இசட் புள்ளி சுழியத்துக்குக் கீழே இருப்பின் அது தோல்வியன்று. சராசரிக்குக் கீழே நிற்பதையே அது குறிக்கின்றது. மூன்று பாடங்களுக்கும் சம நிறை உண்டு; ஆதலால் விருப்பமான ஒன்றிலே முழு உழைப்பையும் கொட்டிவிட்டு மற்றொன்றைக் கைவிடலாகாது.

இக்கணக்கிலும் தவறு நேர்வதுண்டு. 2011 இல் பழைய பாடத்திட்டத்திற்கு ஒரு சாராரும் புதிய பாடத்திட்டத்திற்கு மற்றொரு சாராரும் தோற்றினர். இரு சாராரையும் கலந்து கணித்தமை வழக்காயிற்று. 2012 இல் உயர் நீதிமன்றம் அதனை ஏற்காது, இரு சாராரையும் தனித்தனியே கொண்டு மீளக் கணிக்குமாறு பணித்தது. ஒரே வினாத்தாளை எழுதியோரைத்தான் ஒரே அளவுகோலால் அளக்கலாம் என்னும் அடிப்படையை அத்தீர்ப்பு நமக்கு நினைவூட்டுகின்றது.

இனி மாவட்டக் கணக்கு. "புத்தளத்திற்கு இசட் புள்ளியைச் சலுகையாகக் கணிக்கிறார்கள்" என்று சிலர் எண்ணுகின்றனர். அது பிழை. இசட் புள்ளி நாடெங்கும் ஒன்றே, வேறுபடுவது வெட்டுப்புள்ளி. பல கற்கைநெறிகளுக்கு 40 வீத இடங்கள் அகில இலங்கைத் திறமைப்படியும், 55 வீதம் மாவட்டங்களின் சனத்தொகைப்படியும், 5 வீதம் கல்வியிற் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கும் பகிரப்பட்டு வந்துள்ளன. அப்பதினாறனுள் புத்தளமும் ஒன்று.

ஆயினும் மாவட்டம் என்பது அகன்ற வலை. கொழும்பு வீதியிலுள்ள வென்னப்புவை, மாரவிலை நகரங்களும், கற்பிட்டிக் குடாநாட்டின் மணற் கிராமங்களும் ஒரே புத்தளம் மாவட்டமே. 1990 இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு இங்கு குடியேறிய முஸ்லிம் மக்களின் பிள்ளைகளும் அதே வரிசையில்தான் நிற்கின்றனர். வசதி மிகுந்த நகரப் பாடசாலை மாணவரும், ஒரு பாடத்திற்கு ஆண்டு முழுதும் ஆசிரியரின்றிக் கற்கும் கிராமத்து மாணவரும் ஒரே ஒதுக்கீட்டுக்குப் போட்டியிடுகின்றனர். வெற்று நாற்காலியை எந்த நியம விலகலாலும் அளக்க இயலாது. ஆகவே, பெறுபேற்று நாளன்று புள்ளியோடு வழக்காடுவதிலும், ஆசிரியர் நியமனத்திற்காகப் பன்னிரண்டாம் தரத்தின் முதல் தவணையிலேயே ஊரவர் ஒன்றுகூடிக் கேட்பது பயனுடையது.

பெற்றோருக்கு இறுதியாக ஒன்று கூறுவேன். மாணவர் எந்த மாவட்டத்தவர் என்பது அவர் பயின்ற பாடசாலையைக் கொண்டே பெரிதும் தீர்மானிக்கப்படும். உயர்தரத்திற்காகப் பிள்ளையைக் கொழும்புக்கோ வேறிடத்திற்கோ மாற்றுமுன், பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஆண்டுதோறும் வெளியிடும் கைந்நூலை அதிபரோடு இருந்து வாசியுங்கள். பெறுபேறு வந்ததும் மாவட்ட நிலை, அகில இலங்கை நிலை ஆகிய இரண்டையும் பாருங்கள். விருப்பக் கற்கைநெறிகளை வரிசைப்படுத்துகையில், முன்னைய ஆண்டுகளில் எங்கள் மாவட்டத்திற்கு வந்த வெட்டுப்புள்ளிகளை அருகே வைத்துக்கொள்ளுங்கள். அறியாமையால் ஓர் இடம் நழுவிப்போக நாம் இடங்கொடுத்தலாகாது.