ஹாண்டிகாப்பும் நடுங்கும் கையும்

எறணாகுளத்தில் பிராட்வே வீதியின் துணிக்கடைகளையும் பலசரக்குக் கடைகளையும் பார்த்துக்கொண்டே நடந்து காயற்கரைக்கு வந்தால், எதிரே பசுமையானதொரு தீவு தோன்றும். அதுவே போல்காட்டி. 1744-ஆம் ஆண்டில் டச்சுக்காரர் கட்டிய மாளிகை அங்கே இருக்கிறது. பின்னாளில் ஆங்கிலேய ரெசிடெண்டுகள் அதில் வசித்தனர். இன்று அது விடுதியாக விளங்குகிறது. அதை அடுத்து, ஒன்பது குழிகள் கொண்ட சிறிய கோல்ப் மைதானம் ஒன்றும் உண்டு.

நேயர்களிற் பலர் கோல்ப் ஆடியிருக்க மாட்டீர்கள். ஆயினும் அவ்வாட்டத்தில் உள்ள ஹாண்டிகாப் என்னும் ஏற்பாடு யாவரும் அறியத்தக்கது. வல்லவனும் எளியவனும் சமமாக மோதுவதற்காக, எளியவனுக்கு இத்தனை அடிகள் சலுகை என்று கணக்கிட்டு அளிக்கிறார்கள். எழுபத்திரண்டு அடிகளில் முடிக்க வேண்டிய மைதானத்தில் ஒருவருடைய ஹாண்டிகாப் பதினான்கு என்றால், எண்பத்தாறு அடிகளில் முடித்தாலே அவர் தம் கடமையைச் செய்தவர் ஆவார்.

பிராட்வேயில் துணி வியாபாரம் செய்யும் அன்பர் ஒருவருக்கு இந்தப் பதினான்கு கிடைத்திருப்பதாக வைத்துக்கொள்வோம். கோப்பைப் போட்டி வருகிறது. பெயர்ப் பலகையில் அவர் பெயர் ஏறுகிறது. மனைவி மக்களும் பார்க்க வந்திருக்கிறார்கள். அன்று அவர் எடுப்பது தொண்ணூற்றிரண்டு. நண்பர்கள் நகைக்கிறார்கள். "உமது ஹாண்டிகாப் பொய்க்கணக்கு ஐயா" என்கிறார் ஒருவர். "பணம் வைத்து ஆடினால் கை நடுங்கும் மனிதர்" என்கிறார் மற்றொருவர். இவ்விரண்டு பழிகளில் எது உண்மை?

கணக்கு எப்படிப் போடப்படுகிறது என்று பார்த்தால் விடை ஒருவாறு தெளியும். 2020-ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த உலக முறைப்படி, ஒருவர் கடைசியாக ஆடிய இருபது ஆட்டங்களில் மிகச் சிறந்த எட்டை மட்டும் எடுத்துச் சராசரி காண்கிறார்கள். எஞ்சிய பன்னிரண்டும் கணக்கில் இல்லை. நம் வியாபாரி தம் கடையின் இருபது நாள் விற்பனையில் நல்ல எட்டு நாட்களை மட்டும் பேரேட்டில் எழுதி, இதுவே என் நாள் வரும்படி என்று சொன்னால், கடன் கொடுப்பவர் ஒப்புவாரா? ஒப்பமாட்டார். ஆனால் ஹாண்டிகாப் வரும்படிக் கணக்கன்று. இம்மனிதரால் நன்றாக ஆடும் நாளில் எவ்வளவு முடியும் என்பதை அளக்கும் கோல் அது. அந்த எண்ணை எட்டுவதோ மிஞ்சுவதோ ஐந்தில் ஒரு நாள் நடந்தால் அதிகம்.

ஆகவே அவருடைய வழக்கமான ஆட்டமே எண்பத்தொன்பது, தொண்ணூறு என்று இருந்திருக்கும். நண்பர்கள் நகைத்த ஆறு அடிகளில் மூன்றோ நான்கோ எந்த ஞாயிற்றுக்கிழமையும் நேர்பவை. அச்சத்தின் கணக்கில் எழுதத்தக்கவை மிஞ்சிய இரண்டு மூன்றே. பொய்யர் என்ற பழி அவர்மீது நில்லாது. கோழை என்ற பழியும் பாதிக்கு மேல் கரைந்துவிடுகிறது.

ஆனால் அந்த இரண்டு மூன்று எங்கே விழுகின்றன? பெரும்பாலும் ஒரே குழியில். நான்கு அடியில் முடிக்க வேண்டிய இடத்தில் பந்து நீரில் விழுகிறது; மறுபடி விழுகிறது; பத்து ஆகிவிடுகிறது. போட்டியில் பத்தும் பத்துதான். ஹாண்டிகாப்புக்கு எழுதும்போதோ, அந்தக் குழியில் அவருக்கு ஒரு சலுகை அடி இருந்தால், ஏழுக்கு மேல் எழுதக்கூடாது என்பது விதி. ஒரு விபத்தால் எண் வீங்கிவிடலாகாது என்ற நியாயமான எண்ணம்தான். எனினும் கை நடுங்கியதற்கு இருந்த ஒரே சாட்சியத்தை விதியே அழித்துவிடுகிறது.

போல்காட்டியைப் போன்ற ஒன்பது குழி மைதானத்தில் இன்னொரு வேடிக்கை. 2024-இல் திருத்திய முறைப்படி, ஒருவர் ஒன்பது குழிகளோடு வீடு திரும்பினால், ஆடாத ஒன்பதுக்கு அவர் ஹாண்டிகாப்பைக் கொண்டே எதிர்பார்க்கத்தக்க எண்ணைச் சேர்த்துக்கொள்கிறார்கள். மனம் தடுமாறுவது எப்போது? முடிவு நெருங்கும் பிற்பகுதியில் அல்லவா? அந்தப் பகுதியைக் கணக்கே பதறாமல் ஆடிக் கொடுத்துவிடுகிறது!

தொழில்முறை ஆட்டக்காரர்களும் இதற்கு விலக்கல்லர். 1999-இல் ஸ்காட்லாந்தின் கார்னூஸ்டியில், பிரெஞ்சுக்காரரான ழான் வான் டெ வெல்டே கடைசிக் குழியில் ஆறு அடி எடுத்தாலும் பிரிட்டிஷ் ஓப்பன் பட்டம் அவருக்கே. அவர் எடுத்தது ஏழு. பின்னர் நடந்த தீர்வாட்டத்தில் தோற்றார். இதற்கு மாறாக, 1965-இல் கல்கத்தாவில் நடந்த இந்தியன் ஓப்பனில், சம்பளத்துக்கு ஆடாத அமெச்சூரான பில்லூ சேத்தி தொழில்முறை வீரர்களை வென்று பட்டம் பெற்றார். அப்போட்டி தொடங்கி அது இரண்டாம் ஆண்டு. நெருக்கடி சிலரை வீழ்த்துகிறது; சிலருக்கு அதுவே ஊன்றுகோலாகிறது.

முன்னாட்களில் பிரிட்டனில் போட்டி ஆட்டங்களையே ஹாண்டிகாப்புக்குக் கொண்டனர். இப்போது சாட்சியோடு ஆடும் சாதாரண ஆட்டமும் சேர்கிறது. பழைய முறையே மேல் என்பாரும் உண்டு. எனக்கு அது முழுச் சம்மதமன்று. ஆண்டுக்கு மூன்று போட்டி ஆடுகிறவருக்கு அதனால் நம்பத்தக்க எண் கிடைப்பது அரிது. சங்கங்கள் ஹாண்டிகாப்பை உள்ளபடியே விட்டுவிட்டு, அதன் அருகில் மற்றொரு பத்தியில் அவரவர் போட்டி ஆட்டங்களின் சராசரியையும் எழுதி வைக்கலாம். அப்போது நம் துணி வியாபாரியைப் பார்த்து நகைத்தவர், முதலில் தம்முடைய பத்தியைப் பார்த்துக்கொள்ள நேரிடும்.