ஒரு ஃபோன் நம்பரை மாத்தினதுக்கு சைட் படுக்குமா?

இன்னைக்கு நான் கொஞ்சம் வெட்கப்படற கதை.

2023 அக்டோபர் முதல் வாரம். எங்க டீம்ல சேர்ந்து ரெண்டு மாசம்கூட ஆகாத ஒரு தம்பி, க்ளையன்ட் சைட்டோட காண்டாக்ட் பக்கத்துல ஒரு ஃபோன் நம்பரை மாத்தினார். ஒரே ஒரு வரி. அவர் லேப்டாப்ல நல்லா ஓடுது. டெப்ளாய் பண்ணார், சைட் மொத்தமா படுத்துடுச்சு.

"என்னப்பா மாத்தின?"

"நம்பர் மட்டும்தான் அண்ணா."

திரும்பக் கேட்டேன். மூணாவது தடவை கேட்டப்போ அவர் குரலே உள்ள போயிடுச்சு.

சரி, அவர் மாத்தினதை ரிவர்ட் பண்ணி நானே டெப்ளாய் பண்றேன்னு உட்கார்ந்தேன். அதுவும் விழுந்தது. நேத்து வரைக்கும் ஓடின அதே கோடு! அப்பதான் எனக்கு வேர்த்தது.

லாக்ல, வெர்க்சூக்ல இருந்து 'யூஆர்எல் கோட்'ங்கிற ஃபங்ஷனை இம்போர்ட் பண்ண முடியலைன்னு இருந்தது. எங்க கோடுல அப்படி ஒரு பேரே கிடையாது.

நடந்தது இதுதான். ஆப் பைத்தான்ல, ஃபிளாஸ்க் ஃபிரேம்வொர்க்ல எழுதினது. ஃபிளாஸ்க் தனியாள் இல்லை. ரிக்வெஸ்ட், ரெஸ்பான்ஸ், யூஆர்எல் வேலை எல்லாத்தையும் வெர்க்சூக்ங்கிற லைப்ரரிகிட்ட விட்டுடும். (ஜெர்மன் சொல், 'கருவி'ன்னு அர்த்தம். சரியான உச்சரிப்பு வேற, விடுங்க.) எங்க ரிக்வயர்மென்ட்ஸ் ஃபைல்ல ஃபிளாஸ்க் 2.2.2ன்னு தெளிவா பூட்டு போட்டிருந்தோம். வெர்க்சூக் பத்தி ஒரு வார்த்தை இல்லை. ஃபிளாஸ்க் 2.2.2 கேட்கிறதோ 'வெர்க்சூக் 2.2.2 அல்லது அதுக்கு மேல'. மேலன்னா எதுவரைக்கும்? அது சொல்லலை.

2023 செப்டம்பர் 30, வெர்க்சூக் 3.0 வந்தது. அந்த 'யூஆர்எல் கோட்' அதுல இல்லை. எங்க சர்வர் ஒவ்வொரு டெப்ளாய்க்கும் எல்லா பேக்கேஜையும் புதுசா இன்ஸ்டால் பண்ணும். பழைய ஃபிளாஸ்க், புது வெர்க்சூக். ஜோடி ஒத்துப்போகலை. ரிவர்ட் பண்ணினாலும் திரும்பி வந்தது எங்க கோடு மட்டும்தான், பேக்கேஜ் இல்லை. லேப்டாப்ல ஏன் ஓடுச்சு? அங்க வர்ச்சுவல் என்விரான்மென்ட் பழசு, அதுக்குள்ள வெர்க்சூக்கும் பழசு.

வெர்க்சூக்காரங்களைத் திட்டவும் முடியாது. ஏப்ரல்ல வந்த 2.3லயே இதெல்லாம் போகப்போகுதுன்னு வார்னிங் கொடுத்துட்டாங்க. நாங்க 2.2லயே இருந்ததால அந்த வார்னிங்கைப் பார்க்கவே இல்லை.

அன்னைக்கு ராத்திரி வெர்க்சூக் 3.0க்குக் கீழன்னு ஒரு வரி சேர்த்தோம், சைட் எழுந்துடுச்சு. அது பேண்ட்-எய்ட். அடுத்த வாரம் ஃபிளாஸ்க்கை 3.0க்கு ஏத்தி, பிப் ஃப்ரீஸ்ல வர்ற மொத்த லிஸ்டையும் ஃபைல்ல போட்டோம். உங்க ப்ராஜெக்ட்ல அந்த ரெண்டு லிஸ்டையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க. நீங்க எழுதினது அஞ்சு வரி, இன்ஸ்டால் ஆகியிருக்கிறது இருபதா இருக்கும். மிச்சத்துக்கு யார் காவல்? டாக்கர் இமேஜ் யூஸ் பண்றவங்க பழைய இமேஜைத் தூக்கிப் போட்றாதீங்க, ரோல்பேக்னா அதுக்குத்தான் போகணும்.

அப்புறம் அந்த ரிக்வயர்மென்ட்ஸ் ஃபைலை யார் எழுதினதுன்னு கிட் பிளேம்ல பார்த்தேன். என் பேர்தான் இருந்தது. மறுநாள் காலைல ஸ்டாண்ட்-அப்ல, எல்லார் முன்னாடியும் அந்தத் தம்பிகிட்ட சாரி சொன்னேன். அவர் சிரிச்சுட்டு, "பரவால்ல அண்ணா, ஆனா நம்பர் இன்னும் மாறலை, திரும்ப டெப்ளாய் பண்ணட்டுமா?"ன்னார்.